யோகா, நடை, சூரணம் எல்லாம் துணை, சாப்பாடுதான் மருந்து

பெண் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போகிறாள், அல்லது சாப்பிட்டதை யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுக்கிறாள் என்று தெரியவந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "யோகா கிளாஸ்ல சேர்த்து விடலாமா?" என்பதுதான். அடுத்தது, "சானடோரியத்துல சித்தா ஆஸ்பத்திரி இருக்கே, பசி எடுக்க ஏதாவது சூரணம் தருவாங்களே?" அதற்கடுத்து நேர்த்திக்கடன். மனநல மருத்துவர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் நினைவுக்கு வருகிறார். பல வீடுகளில் வருவதே இல்லை.

கேட்பதில் தவறில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இவையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தெருவுக்கு ஒரு ஜிம், நாலு தெருவுக்கு ஒரு யோகா வகுப்பு, தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம். இவற்றில் சில உண்மையிலேயே உதவும். சில நோய்க்குத் தீனி போடும். ஒரே ஆசன வகுப்பு ஒரு பெண்ணைத் தேற்றும், இன்னொரு பெண்ணை மயங்கி விழவைக்கும். எது யாருக்கு, எப்போது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் உணவுக் கோளாறு என்ற இந்த நோயைப் பற்றிச் சுருக்கமாக. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போய் உடம்பு வற்றிப்போவது அனோரெக்சியா. கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, ஓயாத உடற்பயிற்சி என்று அதை ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. மூன்றாவது வகையில், அப்படிச் சாப்பிட்டுவிட்டு ஈடுகட்ட எதுவும் செய்யாமல் வெட்கத்தில் குமைகிறார்கள். பையன்களுக்கும் வரும். ஜிம்மே கதி என்று கிடந்து, சோற்றைக் கண்டாலே விலகும் கல்லூரிப் பையனை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

மேல்நாட்டுப் பணக்கார வீட்டு வியாதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. டி.என். ஸ்ரீனிவாசன், டி.ஆர். சுரேஷ் முதலிய சென்னை மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களிடம் விசாரித்து 1995-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர், முழு நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும், சாப்பாட்டையும் எடையையும் பற்றிய வேதனையில் இருந்தார்கள். கையில் ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்தைய காலம் அது. அதே ஆண்டு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஐவரும் சாப்பிட மறுத்தார்கள், வாந்தி எடுத்தார்கள், மாதவிலக்கு நின்று எலும்பும் தோலுமாகியிருந்தார்கள். ஆனால், மேல்நாட்டு நோயாளிகள் சொல்வதுபோல் 'நான் குண்டாக இருக்கிறேன்' என்று நினைத்தவர்கள் இல்லை. நம் ஊரில் இது பல நேரம் இப்படித்தான் வருகிறது: "வயிறு உப்புசமா இருக்கும்மா", "நெஞ்சுல நிக்குது", "ஒமட்டுது". அதனால் குடும்பம் வயிற்று மருத்துவரிடம் போகிறது, எண்டோஸ்கோப்பி எடுக்கிறது, எல்லாம் நார்மல் என்று வீடு திரும்புகிறது. காசநோய், தைராய்டு, சர்க்கரை இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம்தான். எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் பெண் மெலிந்துகொண்டே போனால் மனநல மருத்துவரின் கதவைத் தட்ட வேண்டும்.

பட்டினி மனதை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, இந்தச் சோதனைக்குத் தாங்களாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் ஏறக்குறைய அரைவயிற்றுச் சாப்பாடு. எடையில் கால் பங்கு போனது. எதிர்பாராதது அவர்களுடைய மனதில் நடந்தது. இரவும் பகலும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். ஒரு தட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். எரிச்சல், சோர்வு, குளிர், நண்பர்களிடமிருந்து விலகல். உணவு திரும்பக் கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. இவர்கள் யாருக்கும் முன்பு உணவுக் கோளாறு இருந்ததில்லை. 'பிடிவாதம்', 'திமிர்', 'கிறுக்கு' என்று நாம் பெயர் வைக்கும் பல குணங்கள் பட்டினியின் விளைவுகள் என்று அந்த ஆய்வு காட்டிவிட்டது. பட்டினியில் இருக்கும் மூளையிடம் "மனசை அமைதியா வெச்சுக்கோ" என்று சொல்லிப் பயனில்லை. அதற்கு முதலில் சோறு வேண்டும்.

எது மருந்து, எது துணை என்பதை விளங்கிக்கொள்ள நம் சானடோரியத்தின் வரலாறே உதவுகிறது. 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் இல்லம் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் அத்தகைய இல்லம் நடத்தி வந்தவர் அவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் சிகிச்சைக்காக அங்கே தங்கியிருக்கிறார். காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. திறந்த வெளிக் காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதான் சிகிச்சை. பிறகு மருந்துகள் வந்தன. 1956-ல் சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் ஆய்வு மையம் ஒரு துணிச்சலான சோதனை செய்தது. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியை நெருக்கடியான அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைக்காத வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். குணப்படுத்தியது மருந்து, காற்றும் ஓய்வும் துணைக்கு நின்றவை. (காசநோயாளிக்குச் சத்துணவு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. நல்ல உணவு, நோயாளியின் குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதையே குறைக்கிறது என்று ஜார்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.)

உணவுக் கோளாறில் அந்த மாத்திரையின் இடத்தில் இருப்பது சாப்பாடு. வேளை தவறாத, போதுமான, பல வகையான சாப்பாடு. அதனுடன் பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து. யோகா, நடை, இசை, எண்ணெய்க் குளியல், கோலம், தோட்டம் எல்லாம் சானடோரியத்துக் காற்றைப் போன்றவை. அந்தக் காற்றை மட்டும் நம்பி மாத்திரையை விட முடியாது.

அப்படியானால் சாப்பாட்டை எப்படிக் கொடுப்பது? லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்ப சிகிச்சை முறை நம் வீடுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. நோய் தொடங்கி அதிக காலம் ஆகாத வளரிளம் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தேர்வு. என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்ற முடிவைச் சில மாதங்களுக்குப் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்ணைக் குற்றவாளியாக்குவதில்லை, பெற்றோரையும் குற்றம் சொல்வதில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை சிற்றுணவு. நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. காலை ஏழரைக்கு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி, ஒரு டம்ளர் பால். பத்தரைக்கு வாழைப்பழமும் கடலை மிட்டாயும். மதியம் சாதம், குழம்பு, பொரியல், முட்டையோ பருப்போ, நெய், தயிர். மாலை சுண்டலோ வடையோ, காபி. இரவு தோசை. படுக்கும் முன் பால். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. டயட் பவுடர், கீட்டோ, பேலியோ எதற்கும் இங்கே இடமில்லை. பி.சி.ஓ.டி. இருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், இந்த நோய் வந்திருப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லி அந்த அறிவுரையை மாற்றி வாங்குங்கள்.

தட்டைக் கவனித்துப் பார்த்தால் நோய் அங்கே வேலை செய்வது தெரியும். இட்லியைக் கடுகளவுக்குப் பிய்த்துப் போடுவாள். சட்னி தட்டின் ஓரத்துக்குப் போகும். சாம்பாரில் தண்ணீரை மட்டும் தொட்டுக்கொண்டு பருப்பை அடியில் விட்டுவிடுவாள். மடியில் ஒரு டிஷ்யூ இருக்கும். "மத்தியானம் ஃப்ரெண்ட் வீட்டுல சாப்டுட்டேம்மா" என்பாள். திடீரென்று சைவத்துக்கு மாறியிருப்பாள். பக்கத்தில் உட்காருபவர் கலோரி, எடை, 'முகம் தெளிஞ்சிடுச்சு' போன்ற பேச்சை எடுக்கவே கூடாது. நம்மவர்கள் அன்போடு சொல்லும் "இப்பதான் பூசினாப்புல அழகா இருக்கே" என்ற வார்த்தை அவள் காதில் 'குண்டாகிட்டே' என்றுதான் விழும். சீரியல், கிரிக்கெட், பக்கத்து வீட்டுப் பூனை, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். "இது கஷ்டம்னு தெரியுது கண்ணு, அடுத்த வாய் எடுத்துக்கோ" என்பதே போதும். சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். வாந்திக்கான உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான். வீட்டில் எடை பார்க்கும் மிஷின் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். எடையை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பல நாட்களாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர்களுக்கு மட்டும் இதை வீட்டில் தொடங்காதீர்கள். நெடும்பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீண்ட கைதிகளிடம் மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே படிப்படியாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

இனி துணைகளுக்கு வருவோம். யோகாவுக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் 50 பெண்களும் 4 பையன்களும் கலந்துகொண்ட ஆய்வு 2010-ல் வெளியானது. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை நடந்தது. ஒரு பாதிப் பேருக்குக் கூடுதலாக 8 வாரம் யோகா. யோகா செய்தவர்களுக்கு நோய்க்குறிகள் குறைந்துகொண்டே வந்தன. செய்யாதவர்களுக்குச் சற்றுக் குறைந்து மீண்டும் பழைய நிலைக்குப் போயின. வகுப்பு முடிந்தவுடன் சாப்பாட்டைப் பற்றிய ஓயாத நினைப்பும் தணிந்தது. யோகாவால் எடை இறங்கவில்லை. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: சிகிச்சையோடு சேர்த்துத்தான் யோகா கொடுத்தார்கள், அதுவும் கூட்டத்தில் ஒருத்தியாக நிறுத்தாமல் ஆளுக்குத் தகுந்தபடி தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளுக்கேற்ற யோகா சென்னைக்குப் புதிதல்ல. டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியில்தான் சொல்லிக்கொடுத்து வருகிறது.

எனவே ஆசிரியரிடம் முதலிலேயே நோயைச் சொல்லிவிட்டு, மெதுவான ஆசனங்கள், மூச்சைக் கவனிப்பது, சவாசனம் என்று கேளுங்கள். தொப்பை குறையும் என்று விளம்பரம் செய்யும் வகுப்பு வேண்டாம். 108 சூரிய நமஸ்காரப் போட்டி வேண்டாம். சூடேற்றிய அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி, இரண்டும் வேண்டாம். உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்கும் கிரியையும், குடலைக் கழுவும் சங்கப் பிரட்சாளனமும் இந்த நோயாளிகளுக்குக் கூடவே கூடாது. வாந்தியை விடுவதற்குப் போராடும் பெண்ணுக்கு வாந்தி எடுக்கக் கற்றுக்கொடுப்பது கொடுமை.

நடையும் உடற்பயிற்சியும் இன்னும் கத்திமேல் நடக்கும் விஷயம். உடற்பயிற்சியே நோயாகியிருப்பது வெளியில் தெரியாது. மொட்டைமாடிப் படிகளில் பத்துத் தடவை ஏறி இறங்குவாள். படிக்கும்போதும் நின்றுகொண்டே படிப்பாள். தாம்பரம்–பீச் மின்ரயிலில் இடம் காலியாக இருந்தும் சைதாப்பேட்டை வரை நின்றுகொண்டே வருவாள். மழை, காய்ச்சல், பரீட்சை எதற்கும் ஓட்டத்தை விடமாட்டாள். ஒரு நாள் விட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். இந்தக் கட்டத்தில் ஓய்வுதான் சிகிச்சை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சரி சொன்ன பிறகு, சாப்பிட்டுவிட்டு, யாராவது ஒருவருடன், ஏரிக்கரையில் பேசிக்கொண்டே கால் மணி நேரம் நடக்கலாம். காலடி எண்ணும் கைக்கடிகாரம் வீட்டில் இருக்கட்டும்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். அனோரெக்சியாவில் பசி செத்துப்போனது என்பது பெரும்பாலும் சரியில்லை. பசி இருக்கிறது, பயம் அதை அமுக்குகிறது. ஆகவே பசியைத் தூண்டும் சூரணத்தால் மட்டும் கதை முடியாது. ஆனால் நீண்ட பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். உப்புசமும் நெஞ்செரிச்சலும் பொய்யில்லை. அதற்குச் சீரகத் தண்ணீரோ இஞ்சியோ ஓமமோ சிறிது இதம் தரலாம், சாப்பாட்டின் இடத்தைப் பிடிக்காத வரையில். கவலை தருபவை பேதி மருந்துகள். நிலாவரை, கடுக்காய், திரிபலா, 'ஸ்லிம்மிங் டீ' என்று விற்பவை. நிலாவரை நம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகமெங்கும் போகும் இலை; மெலியும் தேநீர் பலவற்றில் இருப்பதும் அதுதான். பேதி மருந்து எடையைக் குறைப்பதாகத் தோன்றுவது ஒரு மயக்கம். உணவின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பேதியில் போவது தண்ணீரும் உப்பும், முக்கியமாக பொட்டாசியமும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். சித்தர் தேரையரின் பிணியணுகா விதி நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு மருந்து எடுக்கச் சொல்கிறதே என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். அது நோய் வராமல் காத்துக்கொள்ளச் சொன்ன ஒழுக்கம். வற்றிப்போன உடம்பில் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. இயற்கை மருத்துவத்தின் ஜூஸ் விரதத்துக்கும் எனிமாவுக்கும் இதே பதில்தான். எங்கே போனாலும், "பெண்ணுக்கு உணவுக் கோளாறு இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விரதம் நம்மிடையே எளிதில் ஒளிந்துகொள்ள இடம் தருகிறது. சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், வெள்ளிக்கிழமை ஒருபொழுது என்று வரிசையாக இருக்கும்போது, சாப்பிடாத பெண்ணை வீடே பக்திமான் என்று மெச்சும். முன்பு கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவள் திடீரென்று எல்லா விரதமும் இருக்கத் தொடங்கினால் கவனியுங்கள். நோயாளிக்கு ரமலான் நோன்பிலிருந்து இஸ்லாம் விலக்கு அளிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் நோன்பு விதியும் நோயுற்றோரைக் கட்டுப்படுத்தாது. நம் பாட்டிகளும் உடம்பு முடியாதவர்களை விரதம் இருக்க விட்டதில்லை. நேர்த்திக்கடன் வேண்டுமென்றால் அன்னதானமாக இருக்கட்டும். அவளும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் வகைக்கு இந்தப் பகுதியில் இன்னொரு காரணமும் இருக்கிறது: ஷிஃப்ட். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும் ஓ.எம்.ஆர். அலுவலகங்களிலும் இரவு வேலை பார்ப்பவர்கள் காலையில் தூங்கி, மதியத்தைத் தவறவிட்டு, டீயிலேயே ஓட்டி, நள்ளிரவில் ஆப்பில் ஆர்டர் செய்கிறார்கள். அந்த நேரத்து வெறிப்பசிக்கு மன உறுதிக் குறைவு காரணமில்லை. பகல் முழுக்க இருந்த பட்டினிதான் காரணம். இவர்கள் இரவு என்ன சாப்பிடுகிறோம் என்பதைக் கட்டுப்படுத்தப் பார்ப்பார்கள், தோற்பார்கள். மாற்ற வேண்டியது பகலை. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சாப்பாடு, பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. இதைப் பிடித்துக்கொண்டாலே பலருக்கு இரவுப் பசி தணிகிறது. தூக்கத்துக்கும் ஒரு நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் 'ஒரு மாதத்தில் பத்துக் கிலோ' கணக்குகளைப் பின்தொடர்வதை நிறுத்துங்கள். பிஜித் தீவின் ஒரு பகுதியில் 1995-ல் தொலைக்காட்சி வந்தது. அப்போது அங்கே விசாரித்த பள்ளி மாணவிகளில் எடை குறைக்க வாந்தி எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. 1998-ல் நூற்றுக்குப் பதினோரு பேர். ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் கண்டது இது. ஒரு சேனல் செய்த வேலை அவ்வளவு.

தலைக்கு எண்ணெய் வைத்து விடுவது, கை கால் பிடித்துவிடுவது போன்றவற்றில் பதற்றம் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இதை அம்மா தாராளமாகச் செய்யலாம். முடி கொட்டுவதைப் பற்றி மட்டும் அப்போது பேச வேண்டாம். பாட்டு, ஓவியம், கோலம் என்று கை ஓடும் எதுவும் சாப்பாட்டுக்குப் பிந்தைய அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க உதவும். பரதம் கற்பவளாக இருந்தால் குருவிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். அரங்கேற்றத்துக்காக மெலியச் சொல்லும் இடமாக இருந்தால் சிறிது காலம் நிறுத்திவைப்பதே நல்லது.

இவை எதற்கும் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் உண்டு. எழுந்து நின்றால் மயக்கம், நெஞ்சு படபடப்பு, விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழ் போவது, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு. குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் தசைகள் கரைந்துகொண்டிருக்கின்றன. உடம்பு பார்க்கக் குண்டாக இருந்தாலும் இந்த ஆபத்துகள் வரும். வாந்தி எடுப்பவர்கள் உடனே பல் தேய்க்கக் கூடாது; அமிலத்தில் ஊறிய எனாமல் இன்னும் தேயும். வாயை நன்றாகக் கொப்பளித்தால் போதும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. 14416-க்கு எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் மனநல வெளிநோயாளிப் பிரிவுகள் உண்டு. போகும்போது மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: ஒரு வருடத்துக்கு முன்பும் இப்போதும் எடை, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, வீட்டில் அவள் எடுக்கும் சூரணம், மாத்திரை, டீ அத்தனையும். மருத்துவரிடம் இ.சி.ஜி.யும் பொட்டாசியம், பாஸ்பேட் பரிசோதனையும் கேளுங்கள். எடை திரும்பிய பிறகும் பயம் பல மாதம் நீடிக்கும். அந்த மாதங்களில்தான் பல குடும்பங்கள் "சரியாயிடுச்சு" என்று கூட உட்காருவதை விட்டுவிடுகின்றன. அடுத்த சந்திப்புக்கான தேதியை வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.